முப்பது நாள் அறிவிப்பு

ஒரு கோளை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் அதனிடம் சொல்லிவிட வேண்டும். அது சட்டம். சொல்லுகிற வேலை எனக்கு.

என் பெயர் மரிய சலேத் மிராந்தா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி, தொழில் நோட்டரி. பூமியில் வாடகை ஒப்பந்தத்துக்கும் பெயர் மாற்றத்துக்கும் முத்திரை குத்திக்கொண்டிருந்தவள். ஒன்பது வருடம் தூங்கிக்கொண்டே பயணம் செய்து வெண்கடலில் வந்து இறங்கியபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. தூங்கின வருடங்களை வயதில் சேர்க்கக் கூடாது என்றார் கப்பல் மருத்துவர். என் முழங்கால் சேர்த்துக்கொண்டது.

வெண்கடல் என்பது நாங்கள் வைத்த பெயர்தான். சுண்ணாம்பு கரைத்துவிட்டது போலத் தண்ணீர். மூக்கில் ஒரு வடிகட்டி மாட்டினால் மூச்சு விடலாம். கரையை ஒட்டி ஆழமில்லாத தண்ணீரில், மாதா கோயில் உயரத்துக்கு மேடு மேடாக எதுவோ வளர்ந்து நின்றது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. எங்கள் ஊரில் முத்துச்சிப்பி கிடக்கிற கடலடித் திட்டைப் பார் என்போம். அதனால் இவற்றுக்கும் பார் என்றே பெயர் நின்றுவிட்டது.

பார்களுக்கு உயிர் இருந்தது. அறிவு இருக்கிறதா என்று தெரியவில்லை. இல்லையென்று உறுதியாகச் சொல்லவும் யாராலும் முடியவில்லை. அப்படிப்பட்ட இடங்களுக்காகவே எல்லா நாடுகளும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஒரு நோட்டரி அங்கேயே நின்று அறிவிப்பை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முப்பது நாள், தினமும் மத்தியானம், இன்னும் எத்தனை நாள் பாக்கி என்ற விவரத்தோடு. அதற்குள் எதிர்ப்பு வராவிட்டால் நோட்டரி சான்றிதழ் கொடுப்பார். அதன்பிறகு இடம் சொந்தம்.

முதல் நாள் மிதவை மேடையில் நானும் எங்கள் ஆணையர் தணிகைவேலனும் நின்றோம். தண்ணீருக்குள் எட்டு ஒலிபெருக்கிகளை இறக்கியிருந்தார்கள். நான் படித்தேன். "இந்தக் கடலிலும் கரையிலும் வாழ்பவர்களுக்கு அறிவிப்பது. இன்று முதல் முப்பது நாளில் இந்த இடம் எங்கள் ஆட்சிக்குள் வரும். இணங்கி இருப்பவர்களுக்கு எங்கள் பாதுகாப்பு உண்டு. எதிர்ப்பு இருந்தால் அதற்குள் தெரிவிக்கலாம். தெரிவிக்காவிட்டால் பிற்பாடு நேரும் இழப்புக்கு நீங்களே பொறுப்பு."

பாதியில் தொண்டை காய்ந்துவிட்டது. ஒலிவாங்கி திறந்திருப்பதை மறந்து, "தணிகை சார், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். "பாட்டில் காலி மேடம்" என்றார் அவர். எட்டு ஒலிபெருக்கியிலும் அதுவும் போனது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மீதியைப் படித்து முடித்தேன். பார்கள் அசையவில்லை.

எனக்கு அன்றைக்கே இருப்புக் கொள்ளாமல் போயிற்று. வேலை என்னவோ கால் மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க அந்த மேடையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ஒரு சுற்றுக்கு நூற்றுப் பதினான்கு அடி. உட்கார்ந்தால் யாரோ பின்னால் நின்று நான் எழுந்திருப்பதற்காகக் காத்திருப்பது போல இருந்தது.

நான்காம் நாள் ஜொஹரா ராத்தா என்னோடு சேர்ந்து நடக்க வந்தார். காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கில் ராத்தா என்றால் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர், பார்களுக்கு மொழி என்று ஒன்று உண்டா என்று பார்ப்பதற்காக அனுப்பப்பட்டவர். அவருடைய ஆய்வறை மேடையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. நான் படித்த அறிவிப்பை யார் எழுதியது என்று கேட்டார். சட்டத் துறை என்றேன்.

"அவங்க எழுதல புள்ள. தூசி தட்டியிருக்காங்க, அவ்ளோதான். 1513-ல ஸ்பெயின் அரசவையில ஒரு சட்ட நிபுணர் எழுதினது இது."

நடந்தபடியே சொன்னார். அமெரிக்கக் கரையில் இறங்குகிற ஒவ்வொரு ஸ்பானியப் படையும் சண்டையைத் தொடங்கும் முன் அப்படி ஒரு தாளைப் படித்தாக வேண்டும் என்பது அரசாணை. எங்கள் ராஜாவையும் எங்கள் திருச்சபையையும் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வருகிற சாவுக்கும் சேதத்துக்கும் குற்றம் உங்களுடையது என்று இருக்கும். ஸ்பானிய மொழியில் படிப்பார்கள். கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பல இடங்களில் கேட்கவே ஆள் இருக்காது. ஓடிப்போனவர்களின் காலிக் குடிசைகளிடம் படித்தார்கள், மரங்களிடம் படித்தார்கள், கப்பலில் இருந்தபடியே கரையைப் பார்த்துப் படித்தார்கள்.

"பக்கத்துல ஒருத்தர் நிப்பாரு. முறைப்படி படிச்சாச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட. யாருன்னு நெனைக்கிற?"

எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டரி. என் தொழிலில் ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக ஒரு முன்னேற்றமும் இல்லை என்று சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன்தான் போனார்களாம் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்தது மிளகும் தங்கமும்தான் நினைவிருந்தது.

"அனுப்பினவன் காரணம் வேற, போனவன் காரணம் வேற" என்றார் ராத்தா. "ராஜாவுக்கு வெள்ளி வேணும், சண்டை போட. பக்கத்து ராஜா முந்திக்கக் கூடாது, அது அதைவிட முக்கியம். போர்ச்சுகல் போவுதுன்னு ஸ்பெயின் போச்சு, ஸ்பெயின் போச்சேன்னு இங்கிலாந்து, பிரான்ஸ், ஹாலந்து. வேதத்துக்காகன்னு சொன்னாங்க. சில பேரு நெசமாவே அதுக்குத்தான் போனாங்க. ஆனா கப்பல்ல ஏறினவனைக் கேட்டுப் பாரு. அண்ணனுக்கு வீடும் நெலமும் போயிரிச்சு, தம்பி நான் எங்க போவன்னு ஒருத்தன் சொல்லுவான். ஆட்டுக்கு மேய்ச்ச வேணும்னு எங்க காட்டைப் புடுங்கிட்டாங்கன்னு இன்னொருத்தன். எங்க சாமியை இங்க கும்பிட உட மாட்டேங்கிறாங்கன்னு வேற ஒருத்தன். எல்லாம் ஏழை பாழை. அவங்க பசி பொய் இல்ல. அந்தப் பசியை முன்னால நிறுத்திட்டுத்தான் ராஜா பின்னால நின்னாரு."

மிராந்தா என்கிற என் பெயரே அந்தக் காலத்தில் போர்ச்சுகீசியர் வந்து எங்கள் கடற்கரையில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தபோது ஒட்டிக்கொண்டதுதான். எங்கள் ஆட்கள் பாதுகாப்புக் கேட்டார்கள். முத்துக்கு ஆசைப்பட்டவர்கள் கொடுத்தார்கள். அதில் யார் யாரை ஏமாற்றியது என்று எங்கள் வீட்டில் இன்றுவரை சண்டை உண்டு.

எங்கள் கப்பலுக்கும் காரணங்கள் இருந்தன. பார்களின் உடம்பில் இருந்த உலோகம் அரசாங்கத்துக்கு வேண்டும். இரண்டு மாதத் தொலைவில் வேறொரு கூட்டணியின் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. இது அனுப்பினவர்களின் காரணம். போனவர்களின் காரணம் எனக்குத் தலைக்கு மேலே, தாய்க்கப்பலில் கண்விழித்து உட்கார்ந்திருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். எங்கள் ஊரைக் கடல் கொண்டுபோன பிறகு, கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் முகாம் போட்டுப் பத்தொன்பது வருடம் வைத்திருந்த குடும்பங்கள். அதில் என் தம்பி லூர்துவும் அவன் மனைவியும் ஆறு வயது மகள் ஜெசிந்தாவும் இருந்தார்கள். ஜெசிந்தா கடலை நேரில் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டாம் நாள் ராத்தா என்னைத் தகரக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். இருபது வருடங்களுக்கு முன் ஆளில்லாமல் வந்த விண்கலம் கடலடியில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை விட்டுப் போயிருந்தது. அந்த இருபது வருடப் பதிவை இருபது நிமிடமாகச் சுருக்கிப் போட்டுக் காட்டினார். வெறும் அதிர்வு என்று எல்லாரும் ஒதுக்கியிருந்த ஒலி, பேச்சாக இருந்தது. ஒரு பார் தொடங்கியது. முடிக்கும்வரை மற்றவை பொறுத்திருந்தன. பிறகு இன்னொன்று.

"இவங்க ரொம்ப மெதுவா வாழுறாங்க. ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது" என்றார். "இப்ப கடைசியைக் கேளு."

ஒரு பார் பேசிக்கொண்டிருந்தது. பாதி வார்த்தையில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இருபது வருஷத்துல ஒரு பாராவது பேசாத நேரமே கெடயாது. பன்னெண்டு நாளைக்கு முந்தி, நீ வாயைத் திறந்த அன்னைக்கு, எல்லாம் ஒண்ணா நிறுத்திரிச்சு. நீ சொல்றதைக் கேக்குறாங்க சலேத். இன்னும் நீ சொன்ன மொத வார்த்தைகூட அவங்களுக்கு முழுசா விழுந்திருக்காது."

சான்றிதழ்ப் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. கேட்டவர்களுக்குப் புரிந்ததா? கட்டாயம் நிரப்ப வேண்டியதில்லை என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதில் நோட்டரி 'இல்லை' என்று எழுதிவிட்டால், கேட்டவர்களுக்குப் புரிந்த பிறகுதான் முப்பது நாள் தொடங்கும். அதுவரை அறிவித்த நாடு அங்கே கால் வைக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையை எழுதும்படி ராத்தா என்னைக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு காலம் ஆகும் என்றேன். நாற்பது வருடமாகலாம், நூறாகலாம் என்றார்.

மீதிப் பதினெட்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தணிகைவேலன் கெட்டவரல்ல. என்னை மிரட்டவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "நீங்க எழுதலாம் மேடம், உங்க உரிமை. நாம திரும்பிடுவோம். வர்றவங்ககிட்டயும் ஒரு நோட்டரி இருக்கார். அவர் அந்தக் கட்டத்துல என்ன எழுதுவார்னு நினைக்கிறீங்க? பார்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்ல. உங்க ஜனங்களுக்கு மட்டும்தான் வித்தியாசம்."

இருபத்தாறாம் நாள் லூர்து மேலேயிருந்து பேசினான். எதையும் கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் பேச ஆரம்பித்திருப்பான். முட்டுவலி எப்படி இருக்கிறது என்றான், சாப்பாடு எப்படி என்றான். கடைசியில் அவனுக்கு அடக்க முடியவில்லை.

"யக்கா, இந்தப் புள்ள கண்ணாடில மூஞ்சிய ஒட்டிக்கிட்டே நிக்கா. அந்தா தெரியுதே அதான் நம்ம கடலான்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டு அழுதேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

முப்பதாம் நாள் மத்தியானம் கடைசி முறையாகப் படித்துவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். 'மேற்படி முப்பது நாளில் எதிர்ப்பு எதுவும் வரப்பெறவில்லை.' ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து விட்டுவிட்டேன். தணிகைவேலன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் காலையில் முதல் பாரில் துளை போட்டார்கள்.

ராத்தா திரும்பிப் போகிற கப்பலில் ஏறிவிட்டார். என் மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏறும் முன் என் தோளைத் தொட்டு, "நீ பொய் எழுதல புள்ள. அதுதான் எனக்கு பயமா இருக்கு" என்றார். பூமிக்குப் போய்ச் சேர்ந்து சில வருடங்களில் இறந்துபோனார் என்று செய்தி வந்தது. அவர் இடத்துக்கு வேறு யாரையும் அனுப்பவில்லை. தகரக் கொட்டகையில் வலைகளைப் போட்டு வைத்தோம்.

தணிகைவேலன் சொன்ன கப்பல்களும் வந்தன. எங்கள் சான்றிதழைப் பார்த்துவிட்டு மரியாதையாக விலகி, கோளின் மறுபக்கம் போய் இறங்கின. அங்கேயும் பார்கள் இருந்தன. அவர்களுடைய நோட்டரியும் முப்பது நாள் படித்தார்.

முப்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கரையில் நான்காயிரம் பேருக்கு மேல் ஆகிவிட்டோம். லூர்து முப்பது வருடம் படகு விட்டான். வெண்கடல் மண்ணிலேயே அவனைப் புதைத்தோம். மூன்றில் ஒரு பங்கு பார்களைக் குடைந்து உலோகமாகப் பூமிக்கு அனுப்பியாகிவிட்டது. ஜெசிந்தா வளர்ந்து, படித்து, இப்போது குடியிருப்பின் ஆணையர். தணிகைவேலன் உட்கார்ந்த நாற்காலி. எனக்கு எழுபத்தொன்பது வயது. மாலையில் கரையோரம் நடக்கிறேன். உட்காருகிற பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், படகுகளின் அடிப்பலகைகள் அதிர்ந்தன. பிறகு கடலிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"இந்தக் கடலிலும் கரையிலும் வாழ்பவர்களுக்கு அறிவிப்பது" என்றாள்.

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் கரைக்கு ஓடி வந்தார்கள். யாரோ பழைய பதிவை வைத்து விளையாடுகிறார்கள் என்று ஒருவன் சொன்னான். எட்டு ஒலிபெருக்கிகளையும் எப்போதோ கழற்றி உருக்கியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். குரல் ஒரு இடத்திலிருந்து வரவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மிச்சமிருந்த பார்கள் எல்லாம் ஒன்றாகப் பேசின. சாதாரண வேகத்தில், தூத்துக்குடி இழுவையோடு, நாற்பத்தொரு வயதுக் குரலில்.

"தணிகை சார், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றது கடல். "பாட்டில் காலி மேடம்" என்றது ஆண் குரலில். கூட்டம் சிரித்துவிட்டது. நான் பல வருடத்தில் முதல் முறையாக மணலில் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு அதை எதிரொலி என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மத்தியானம் அதே குரல், இன்னும் இருபத்தொன்பது நாள் என்றது. அதற்கு மறுநாள் இருபத்தெட்டு. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. துளை போடும் எந்திரங்களை நிறுத்தச் சொல்லி ஜெசிந்தா உத்தரவு போட்டாள். பார்கள் எண்ணுவதை நிறுத்தவில்லை. மறுபக்கத்துக் குடியிருப்பிலும் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய பழைய நோட்டரியின் குரலில் கேட்கிறதாம்.

நேற்று ஜெசிந்தா என் வீட்டுக்கு வந்தாள். ஒப்பந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அத்தை, இந்த ஊர்ல பதிவுபெற்ற நோட்டரி நீங்க ஒருத்தர்தான். அறிவிப்புல குறை இருந்தா செல்லாதுன்னு இதுல இருக்கு. ஒரு குறை கண்டுபிடிச்சுக் குடுங்க. செல்லாதுன்னு அறிவிச்சிட்டு பூமிக்கு எழுதுவோம்."

செல்லாது என்று பார்களிடம் யார் போய்ச் சொல்வது என்று நான் கேட்டேன். முப்பது நாள் முடிந்தால் என்ன செய்வார்கள் என்று அவள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. முப்பது நாள் முடிந்ததும் நாங்கள் என்ன செய்தோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

"அப்ப எதிர்ப்பாவது தெரிவிக்கலாம்ல? முப்பது நாளுக்குள்ள தெரிவிக்கலாம்னுதான அவங்களே சொல்லுதாக?"

"தெரிவிக்கலாம் மக்கா. அவங்க பாஷையில சொல்லணும்."

அவள் ஜன்னல் வழியாகத் தகரக் கொட்டகையைப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து வலைகளை இழுத்து வெளியே போடுகிற சத்தம் கேட்டது. உள்ளே ராத்தாவின் இருபது வருடப் பதிவு இன்னும் இருக்கும். இருபத்துமூன்று நாளில் எத்தனை வார்த்தை கற்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் காலையில் நானும் அங்கே போவதாக இருக்கிறேன்.

அதற்கு முன் ஜெசிந்தா கேட்ட வேலையைச் செய்து கொடுக்க வேண்டும் என்று சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு விதியாகப் பார்த்தேன். அறிவிப்பு உரிய இடத்தில் படிக்கப்பட்டதா? ஆம். தினமும் மத்தியானம்? ஆம். மீதமுள்ள நாள் சொல்லப்பட்டதா? ஆம். கேட்பவர்களின் மொழியில், அவர்களுடைய வேகத்தில், அவர்களுக்குத் தெரிந்த ஒருவரின் குரலிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதற்காக முப்பத்தெட்டு வருடம், துளை வாங்கிக்கொண்டே கற்றிருக்கிறார்கள். என் தொழிலில் இவ்வளவு சரியான அறிவிப்பை நான் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். கேட்டவர்களுக்குப் புரிந்ததா என்கிற கடைசிக் கட்டத்தை இந்த முறை காலியாக விடவில்லை. புரிந்தது என்று எழுதினேன்.